என் பேரில் ஓடும் வண்டி

ஜூலை 7, திங்கள்

மன்னித்துக்கொள் நோட்டே, இந்த நேரத்துக்கு உன்னைத் திறக்கிறேன். மணி பன்னிரண்டாகப் போகிறது. ஜெபிஷாவுக்குப் பல் முளைக்கிறது, இப்போதுதான் தூங்கினாள்.

காலையில் போனுக்கு ஒரு செய்தி. வேலப்பன்சாவடி சிக்னலில் ஹெல்மெட் இல்லாமல் போனதற்கு அபராதம். வண்டி எண் என் ஸ்கூட்டருடையது. அந்த ஸ்கூட்டர் ஏது இப்போது? போன மழையில் மூன்று நாள் தண்ணீரில் கிடந்து, எஞ்சின் போய், ஜனவரியிலேயே காயலாங்கடைக்குப் போட்டாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் ஜெர்வினிடம் காட்டினேன். "கேமரா எதனா தப்பா எட்த்திருக்கும், உடு ரெனி" என்றுவிட்டு நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

அந்தச் செய்தியோடு வந்த கேமரா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தப்பில்லை. அதே எண். ஓட்டுவது ஒரு பெண், முதுகில் காலேஜ் பை.

ஜூலை 9, புதன்

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டியை உடைச்சா பதினாலு நாள்ல எங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கணும். ஆர்.சி. இன்னும் உயிரோடதான் இருக்கு."

"இப்ப கேன்சல் பண்ண முடியாதா மேடம்?"

"பண்ணலாமே. ஆர்.சி. புக்கும், வண்டி பாடியில சேசிஸ் நம்பர் அடிச்சிருக்கிற துண்டை வெட்டியும் கொண்டாங்க."

இரண்டும் என்னிடம் இல்லை. அந்த வண்டி யார் மேலாவது மோதினால் என்று கேட்டேன். "ஓனரைத்தாம்மா தேடுவாங்க. இன்சூரன்ஸும் முடிஞ்சிடுச்சு போல."

வீட்டுக்கு வந்ததும் ஜனவரியில் நடந்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. காயலாங்கடை பரந்தாமன் வாசலில் நின்றுகொண்டு, "புக்கோட குட்தா வேலை சுளுவு சிஸ்டர்" என்றார். பேர் மாற்றுகிற படிவம் இரண்டு நீட்டினார். இடுப்பில் ஜெபிஷா அழுதுகொண்டிருந்தாள். எதுவும் நிரப்பாத படிவம். ஆர்.சி.யையும் கொடுத்து, போட்டேன் கையெழுத்து. பி.காம். படித்தவள்! யாராவது என்னைக் கேட்டால் என்னவென்று சொல்வேன்?

ஜூலை 10, வியாழன்

ஜெர்வின் பரந்தாமனுக்குப் போன் போட்டார். "உன் வண்டி எப்பவோ இரும்பா பூட்ச்சி அண்ணாத்தே. புக்கு எங்க கீதோ, யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தானாம்.

ஜூலை 11, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டோம்.

ஷிஃப்ட் முடிந்து மண்ணூர்பேட்டை கம்பெனியிலிருந்து வந்த ஜெர்வின் தூங்காமல் என்னை வேலப்பன்சாவடி சிக்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜெபிஷாவைப் பக்கத்து வீட்டு வடிவு அக்காவிடம் விட்டேன். எட்டரைக்கு அந்த எண் வந்தது. கை காட்டினோம், அந்தக் காலேஜ் பெண் சிக்னல் தாண்டி ஜூஸ் கடை ஓரம் நிறுத்தினாள். பெயர் ஸ்வாதி, இரண்டாம் வருடம். முதலில் மிரண்டாள்.

"எங்கப்பா வாங்கிக் குட்தது அக்கா. புக் எல்லாம் கரெக்டா கீது." ஆர்.சி.யை எடுத்துக் காட்டினாள். அதில் என் பெயர். என் முகத்தைப் பார்த்தாள். "ரெனிதா... நீங்கதானா? அப்பால பேர் மாத்திக்கலாம்னு மெக்கானிக் சொன்னாரு."

ஜெர்வின் குனிந்து, கால் வைக்கிற இடத்துக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தார். என் போனில் இருந்த பழைய இன்சூரன்ஸ் காப்பியோடு ஒப்பிட்டார். சேசிஸ் நம்பர் என்னுடையதுதான். பெயிண்ட்டை நகத்தால் சுரண்டினார், நம்பரைச் சுற்றி வெல்டிங் தடம். பன்னிரண்டு வருடமாக வெல்டிங் வேலை செய்கிறவர், அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"நம்பரு மட்டும்தான் நம்முளுது. நாலு பக்கமும் வெட்டி வேற வண்டில ஒட்டிக்கீறான்."

"அப்ப இந்த வண்டி யாருதுண்ணா?" என்றாள் ஸ்வாதி.

யாருக்குத் தெரியும்? எங்கேயாவது ஒரு வீட்டு வாசலில் காணாமல் போனதாக இருக்கும். அவள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "அப்பாவாண்ட சொல்லிட்டுப் பேசறேன்க்கா" என்றாள். அவள் போன் நம்பர் வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

ஸ்வாதி பேசவில்லை. நான் போன் அடித்தாலும் எடுக்கவில்லை.

சண்டை. "நேரா ஸ்டேஷன்ல போய் எழுதிக் குடு. உன் பேரு க்ளியர் ஆவட்டும், அந்தப் பொண்ணு பாடு அதுக்கு" என்கிறார் இவர். அவர் சொல்வதில் தப்பில்லை. ஒவ்வொரு நாளும் அந்த வண்டி ரோட்டில் ஓடுகிறது, என் பேரில். எழுத உட்கார்ந்தேன். 'யாரோ ஒருவர் என் வண்டி எண்ணைப் பயன்படுத்தி' என்று ஆரம்பித்தேன். யாரோ ஒருவரா? அந்தப் பெண்ணைத்தான் முதலில் பிடிப்பார்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். பதினெட்டு, பத்தொன்பது வயதில் புக்கைப் பார்த்து நம்பியவள் அவள். இதில் பெரிய தப்பு யாருடையது?

தாளைக் கிழித்துப் போட்டேன். "இன்னா பண்ணப் போற?" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஜெர்வின் அவராகவே சொன்னார்: "நீயும் அந்தப் பொண்ணும் சேந்தே குடுங்க. வெட்டி ஒட்டினத நான் வந்து சொல்றேன்."

மத்தியானம் மறுபடி எழுதினேன். என் கையெழுத்துப் போட்ட படிவம், பரந்தாமன், அந்த மெக்கானிக், வெல்டிங் எல்லாம் ஒன்று விடாமல். 'கீழே கையெழுத்திட்ட நாங்கள் இருவரும் ஏமாற்றப்பட்டோம்.' கீழே என் பெயர். பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

சற்று முன் அவள் போனுக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

'ஸ்வாதி, நான் ரெனிதா அக்கா. புகாரில் உன் மேல் குற்றம் எதுவும் எழுதவில்லை, போட்டோ அனுப்பியிருக்கிறேன், அப்பாவிடம் காட்டு. நாளைக்குப் பத்து மணிக்கு நான் ஸ்டேஷனுக்குப் போயே ஆக வேண்டும். நீயும் வந்தால் சேர்ந்து கொடுக்கலாம். அதுவரை வண்டியை எடுக்காதே. பஸ்ஸில் போம்மா. சீக்கிரம் பதில் போடு.'