முதலில் வண்டி

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் கம்பெனி ஹாஸ்டலுக்கு ஆப் செய்கிறார்கள். கம்ப்யூட்டரில் அதை எழுதுகிறவன் அமலன். எதை முதலில் எழுதணும் என்று சொல்கிறவள் சுகப்பிரியா, பிராடக்ட் ஓனராம். "வார்டன் அக்கா, உங்களுக்கு முதல்ல என்ன வேணும்?" என்று கேட்டாள். "பட்டன் தட்டினா ஆஸ்பத்திரிக்கு வண்டி வரணும். அப்பால எனக்கு ஒரு மாப்ள" என்றேன். சிரித்துக்கொண்டே, வண்டிதான் முதல் என்றாள்.

மார்ச் 9

சந்திரலேகாவுக்கு வயிற்றுவலி. கோவில்பட்டிப் பெண், சுருண்டு கிடந்தாள். வண்டி ஆபீசுக்குப் போன் அடித்து அடித்து விரல்தான் வலித்தது. ஷேர் ஆட்டோவில் சுங்குவார்சத்திரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். குடல்வால், உடனே ஆபரேஷன். என் மடியில் வாந்தி எடுத்துவிட்டு, "மன்னிச்சிருங்கக்கா" என்கிறாள். யாரு யாரை மன்னிக்கிறது?

மார்ச் 17

ஆப்பில் இதுவரை செய்ததைக் காட்டும் நாள். வண்டிப் பட்டன் இல்லை! லேட்டாக வரும் பெண்களைப் படம் பிடிக்கும் கேட் கேமரா பாதி முடிந்து நிற்கிறது. மேனேஜர் தணிகாசலம் நேராக அமலனிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். சுகப்பிரியாவுக்கே தெரியாது.

"கேமரா மட்டுமில்ல, மெஸ் மெனுவும் போட்டேன். நீங்க கேட்டதுதானேக்கா" என்றான் அமலன்.

ஆமாம். அவனுக்கு மீன்குழம்பு ஊற்றி, மெனுவையும் ஓரமா போட்டுக்குடு தம்பி என்று கேட்டது நான்தான். வந்த ஆத்திரத்தை யார்மேல் கொட்டுவது? சுகப்பிரியாமேல் கொட்டினேன். "நீ இன்னாத்துக்குக் கீறே?" என்றேன். அவள் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். அது இன்னும் எரிந்தது.

மார்ச் 18

இன்று யாரையும் கிண்டல் செய்யவில்லை. பெண்கள் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

மார்ச் 20

சுகப்பிரியா எல்லாரையும் உட்கார வைத்தாள். "எது வேணும்னாலும் என்கிட்ட சொல்லுங்க. அமலன்கிட்ட யாரும் போகக்கூடாது."

"நான் மேனேஜர்மா."

"தெரியும் சார். வண்டி முடிஞ்சாத்தான் கேமரா. இல்ல, கேமராதான் முதல்லன்னா, அதைச் சந்திரலேகாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

என் பக்கம் திரும்பி, "மெனுவும் இப்ப கிடையாதுக்கா" என்றாள். எனக்கும் கடுப்புதான். ஆனாலும் தலையாட்டினேன்.

ஏப்ரல் 6

ஹாஸ்டல் பெண் ஃபெபிக்குக் காய்ச்சல். பட்டனைத் தட்டினாள், செருப்பு மாட்டுவதற்குள் ஜீப் வந்துவிட்டது.

ஏப்ரல் 10

சுகப்பிரியாவை மறைமலை நகர் ஆபீசுக்கு மாற்றல் போட்டுத் தூக்கிவிட்டார்கள். யார் வேலை என்று தெரியாதா எனக்கு? அவள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை.

சாயங்காலம் அமலன் வந்தான். வண்டிப் பட்டனில் இன்னும் கோளாறு பாக்கியாம். அதை விட்டுவிட்டு கேமராவை எடு என்று தணிகாசலம் சொன்னாராம்.

"நீ வண்டிய முடி. அவரை என்கிட்ட வரச் சொல்லு" என்றேன்.

அதைச் சொல்ல நீங்க யாருக்கா என்று அவன் கேட்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தான்.