கையில் இருந்ததைக் கீழே வைத்தவர்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் நாவலை ஒலிப்புத்தகமாக ஆக்குகிறார்கள். நேற்று பதிவைக் கேட்க ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாசித்துக்கொண்டிருந்த பெண், உன்னை வைத்து நான் எழுதிய அண்ணனின் பேச்சுக்கு வந்தாள். முதல் எழுத்திலேயே நின்றாள். மூச்சைப் பிடித்தாள், அப்புறம்தான் சொல் வந்தது. அது அப்படியே நீ.

என் பழைய கதையைப் படித்துவிட்டு, "இனிமே உன் கதையில என் திக்குவாய் வரக் கூடாது" என்றாயே, அதற்கப்புறம் நீ என்னோடு பேசவே இல்லை. சத்தியமாக, இந்த நாவலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

"இவருக்குத் திக்கும்னு யாருங்க சொன்னா?" என்று அவளிடம் கேட்டேன்.

"நீங்கதான். இவர் வாயத் திறந்தாலே வீட்ல எல்லாரும் கையில இருக்கறத கீழ வச்சிட்டுக் காத்திருக்காங்களே."

வீட்டுக்கு வந்து நாவலைப் புரட்டிப் பார்த்தேன். அம்மா கரண்டியை வைக்கிறாள். அப்பா பேப்பரை மடிக்கிறார். தங்கை பேனாவை மூடுகிறாள். புத்தகம் முழுக்க இப்படித்தான். எழுதியவள் நான், எனக்கே தெரியவில்லை. இது எங்கிருந்து வந்தது அண்ணா?

ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். எடுத்துவிட்டு, உன் இஷ்டத்துக்கு ஆரம்பி.

கையில் ஒன்றும் இல்லாமல் காத்திருக்கும்
உன் தங்கை