என்ன குழந்தைன்னு சொல்லு

ஜூலை 7, திங்கள்

சிதம்பரம் வந்து அட்மிட் ஆயாச்சு. நாளைக்கு ஆபரேஷன். காதில் இயர்போன், போன் படித்துக் காட்டக் காட்ட டைப் அடிக்கிறேன். துணைக்குக் கிள்ளையிலிருந்து மாமியார் வந்திருக்காங்க. நர்ஸ் வந்து, "இவங்க சாப்ட்டாங்களா?" என்று அவரிடம் கேட்கிறாள். கண்ணுதான் தெரியாது. வாய் என்ன ஆச்சு எனக்கு? கடலூர் பேங்கில் நாள் பூரா போனில் பேசுறதுதான் என் வேலை.

ஜூலை 8, செவ்வாய்

பிறந்துடுச்சு.

ஆபரேஷன் தியேட்டரில் ஒரு வழக்கம். குழந்தையைத் தூக்கிக் காட்டி, பெத்தவ வாயாலேயே என்ன குழந்தைன்னு சொல்ல வைப்பாங்க. பின்னால மாத்திட்டாங்கன்னு யாரும் சண்டைக்கு வரக்கூடாதுல்ல. என்னிடமும், "பாத்துச் சொல்லும்மா, என்ன குழந்தை?" என்றார்கள். நான் என்னத்தைச் சொல்ல? கை நீட்டலாம்னா கையைக் கட்டி வச்சிருக்கு. "ஐயோ, இவங்களுக்குத் தெரியாதே" என்றது ஒரு குரல். அவ்வளவுதான். அழுகைச் சத்தம் வெளியே போய்விட்டது.

பொண்ணு என்று அத்தை சொல்லித்தான் தெரியும். பெத்தவளுக்குக் கடைசியாத் தகவல்!

ஜூலை 10, வியாழன்

மூச்சு கொஞ்சம் சரியில்லையாம், தனி வார்டாம், இப்ப தேவலையாம். எல்லாம் 'ஆம்'. மத்த அம்மாக்கள் உள்ளே போய்ப் பால் கொடுக்கிறார்கள். நான் பீய்ச்சிக் கொடுத்தால் நர்ஸ்களே பாலாடையில் புகட்டுகிறார்கள். ஏன்? "கீழ போட்டுட்டா யாரு பதில் சொல்றது?" இதையும் ஒரு நர்ஸ் அத்தையிடம்தான் சொன்னாள், என் தலைமாட்டில் நின்றுகொண்டு.

ஜூலை 11, வெள்ளி

இன்னிக்கும் தரல. மாரு கல்லாட்டம் வலிக்குது. எம் புள்ளைய நான் இன்னும் தொடக்கூட இல்ல.

ஜூலை 12, சனி

காலையில் ஊசி போட வந்தவளிடம், குழந்தையை என்னிடம் தருவீங்களா என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அப்பவும் இல்லை. வந்துச்சே கோவம் — "செவுத்துகிட்டயா பேசிகிட்டிருக்கேன்?" கத்திட்டேன். அழுதுட்டேன்.

மெதுவாக, "தலைய ஆட்டினேன்க்கா" என்றாள்.

அட கடவுளே. சிரிச்சா தையல் வலிக்குது. பேர் கேட்டேன், பிரிசில்லாவாம். எல்லாத்தையும் கொட்டினேன். வந்தா பேரைச் சொல்லு. என்னிடமே பேசு. அங்க, இங்கன்னு கை காட்டாதே, வலதா இடதான்னு சொல்லு. தொடுறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத் தொடு. பெரிய சிஸ்டரிடம் கேட்கிறேன் என்று போனாள். இவளும் அப்படியே போயிடுவா.

ஜூலை 13, ஞாயிறு

"அக்கா, நான் பிரிசில்லா. உங்க வலது பக்கம் நிக்கிறேன். பாப்பா எங்கிட்ட இருக்கு. மடியில வைக்கப்போறேன், தலை உங்க இடது கை மடிப்புல வரும்."

வைத்தாள். இவ்வளவு சூடா இருக்கும்னு யாருமே சொல்லலையே. தேடித் தேடிக் கவ்விக்கொண்டது. குடிச்சுது, குடிச்சுது, அப்படிக் குடிச்சுது. அத்தை மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

குடித்து முடித்ததும் பிரிசில்லா துணியை விலக்கப்போவதாகச் சொல்லி, விலக்கி, என் கையைப் பிடித்துப் பாப்பா மேல் வைத்தாள். அன்றைக்குத் தியேட்டரில் அவளும் இருந்தாளாம்.

"இப்ப சொல்லுங்கக்கா. என்ன குழந்தை?"

தெரிஞ்ச பதில்தான். அஞ்சு நாளா ஊரே எனக்குச் சொன்னதுதான்.

"பொண்ணு" என்றேன்.