நிற்பாட்டிய குளிசை

இணுவில்,
06.02.2024

அன்புள்ள அண்ணைக்கு,

வைபரில் என் நம்பரைத் தடுத்துவிட்டீர்கள், அதனால் தபாலில் எழுதுகிறேன். நோர்வேக்கு முத்திரை கேட்டதும் தபால் கந்தோர்ப் பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அப்பாவுக்கு வலது கையும் காலும் இன்னும் எழும்பவில்லை. பேச்சும் வரவில்லை. கஞ்சி குடிக்கிறார், நாங்கள் சொல்வது விளங்குகிறது.

நடந்ததை என் வாயால் நீங்கள் கேட்கவேயில்லை. தோள் நோகிறதென்று பொங்கலுக்கு முந்தின கிழமை அப்பா மருதனார்மடத்தில் நான் உறிஞ்சு கிண்ணம் வைத்து நோவுக்கு வைத்தியம் செய்கிற அறைக்கு வந்தார். உங்கள் முதுகில் வட்ட வட்டமாகத் தழும்போடு நீங்கள் அனுப்பிய படத்தைக் காட்டி, "அண்ணைக்குச் செய்யிறமாதிரி எனக்கும் கிண்ணம் வை பிள்ளை" என்றார். அப்பாவைப்போல இதயத் துடிப்புச் சீரில்லாமல் இரத்தம் இளக்கும் குளிசை போடுகிறவர்களுக்கு நான் கிண்ணம் வைப்பதில்லை, தோலுக்குள் இரத்தம் கன்றிவிடும். மாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டு போனார்.

பொங்கல் முடிந்து வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார். "கிளினிக்கிலை டொக்டர் அந்தக் குளிசையை நிப்பாட்டிட்டார்" என்றார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஆறு கிண்ணம் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை கிணற்றடியில் விழுந்தார்.

எந்த டொக்டரும் நிற்பாட்டவில்லை. அப்பாவாகவே ஐந்து நாள் போடாமல் விட்டிருக்கிறார். அதனால்தான் இரத்தம் கட்டி மூளைக்குப் போனது, கிண்ணத்தால் அல்ல என்று பெரிய டொக்டர் என்னிடமே சொன்னார். கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்க்காதது என் பிழை. அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் சொந்தக்காரர் எல்லாரும் இருக்கிற குறூப்பில், "தங்கச்சி கிண்ணம் வைத்து அப்பாவைப் படுக்கையில் போட்டாள்" என்று எழுதினீர்களே. அதை எடுத்துவிடுங்கள் அண்ணை. என் அறைக்கு ஒருவரும் வருவதில்லை. முப்பத்தாறு வயதில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

அன்புத் தங்கை,
கஜந்தினி


ஒஸ்லோ,
24.02.2024

தங்கச்சி,

உன் கடிதம் கிடைத்தது. எழுதியதை எடுக்கமாட்டேன். நடந்ததைத்தானே எழுதினேன்?

இங்கே நான் கிழமைக்கொருமுறை கிண்ணம் வைக்கப் போகிற இடத்தில் படிவம் நிரப்பிக் கையெழுத்து வைத்தால்தான் முதுகைத் தொடுவார்கள். ஆரோக்கியமாக வாழ்வதற்கு ஒழுங்கு வேண்டும். நீ அப்பாவின் வாய்ச்சொல்லை நம்பிக் கிண்ணத்தைத் தூக்கினாய். அந்த அறையைப் பூட்டு, அதுதான் மரியாதை.

ஒவ்வொரு நாளும் அம்மாவோடு கதைக்கிறேன். பாவம், அழுதுகொண்டேயிருக்கிறா. அவவையாவது நிம்மதியாக இருக்க விடு.

சுபாஸ்


இணுவில்,
16.03.2024

அண்ணைக்கு,

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற லவீனா, பழகின குரல்களை அப்பாவுக்குக் கேட்கப் போடச் சொன்னாள். அப்பாவுக்கு உங்கள் குரலைவிடப் பிடித்தது எது? அவருடைய போனில் நீங்கள் அனுப்பியவற்றை ஒவ்வொன்றாகப் போட்டேன். பொங்கலுக்கு முதல்நாள் அனுப்பியது வந்ததும் அப்பா இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். போடாதே என்று தலையை ஆட்டினார். நான் போட்டேன்.

"அப்பா, அவள் உந்தக் குளிசையாலைதானே மாட்டன் எண்டுறாள். பல்லுப் பிடுங்கேக்கை அஞ்சு நாள் நிப்பாட்டினனீங்கள், ஒண்டும் நடக்கேல்லைத்தானே? அதேமாதிரி நிப்பாட்டிப்போட்டு, டொக்டர் சொன்னவர் எண்டு சொல்லுங்கோ. கிண்ணம் வைச்சு இரத்தம் சுத்தமானால் பிறகு குளிசையே தேவைப்படாது."

அப்பா சத்தமில்லாமல் அழுதார். பல்லுக்கு நிற்பாட்டியபோது டொக்டர் அதற்குப் பதிலாக ஊசி போட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

நீங்கள் கெடுதல் நினைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். நானும் நினைக்கவில்லை. குறூப்பில் ஒரு வரி எழுதுங்கள், "தங்கச்சியில் பிழை இல்லை" என்று. ஏன் என்று ஒருவருக்கும் சொல்லவேண்டாம். நானும் சொல்லமாட்டேன்.

கஜந்தினி


ஒஸ்லோ,
02.04.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அப்பா நோகுது நோகுது என்றார், எனக்குச் சுகம் வந்ததுபோல அவருக்கும் வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் இப்போது குறூப்பில் அப்படி எழுதினால் ஏன், எதற்கு என்று கிண்டுவார்கள். இங்கே நான் கோயில் சபையில் இருக்கிறேன், பிள்ளைகள் வளருகிறார்கள். நீ ஊரில் இருக்கிறாய், இரண்டு மாதத்தில் சனம் மறந்துவிடும். அந்தக் குரலை அழித்துவிடு. அம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது. அவ தாங்கமாட்டா.

உன் அண்ணை,
சுபாஸ்


இணுவில்,
20.04.2024

சுபாஸ் அறிவது,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆத்திரத்தில்தான் வாசித்தேன். அவ கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. கையை நிறுத்தவில்லை.

"உது எனக்கு அண்டைக்கே தெரியும். உன்ரை அப்பா போனிலை போட்டுக் கேக்கேக்கை பக்கத்திலைதான் இருந்தனான்" என்றா.

"அப்ப ஏனம்மா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"அவன் தூரத்திலை இருக்கிற பிள்ளை, மனமுடைஞ்சு போவான். நீ எங்களோடை இருக்கிறனி, தாங்குவாய்."

மூன்று மாதம். சுன்னாகம் சந்தையில் சனம் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பியபோதெல்லாம் அம்மா மரக்கறிப் பையோடு என் பக்கத்திலேயே நின்றா. "விடு பிள்ளை" என்று என் கையைத் தடவினா. நீங்கள் இரண்டு பேரும் பேசி வைக்காமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறீர்கள்.

அந்தக் குரலை நான் அழிக்கவில்லை. யாருக்கும் அனுப்பவும் இல்லை. அனுப்பினாலும் சொந்தக்காரர் உங்களைப் பற்றி, "தம்பி நல்லதுக்குத்தானே சொன்னவன்" என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல ஒருவர் இருக்கவில்லை. அறையைப் பூட்டி, திறப்பைச் சித்திரை வருசத்துக்கு முதலே வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

நேற்றுக் காலை அப்பாவுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு சொல் சொன்னார். தெளிவாக, இரண்டு தரம். "தம்பி" என்றார். உங்களைத்தான் அவர் அப்படிக் கூப்பிடுகிறவர். அம்மா ஓடிப்போய்ச் சாமி அறையில் விழுந்து கும்பிட்டா. நான் அவருடைய வாயைத் துடைத்துவிட்டு, மிச்சக் கஞ்சியைப் பருக்கினேன்.

மகனுக்குத் தெரியவேண்டிய செய்தி என்பதால் எழுதினேன். இனி எழுதமாட்டேன். நீங்களும் எழுதவேண்டாம்.

சி. கஜந்தினி