நான் சொல்லாமல் விட்ட பாதி

என் செல்ல ஸ்டெல்லா அக்காவுக்கு,

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ உயிரோடு இருந்தவரை உன் பக்தியை நான் நம்பவே இல்லை.

வீரபாண்டி கம்பெனியில் நீ செக்கிங் டேபிளில் பனியனில் ஓட்டை பார்த்தாய். நான் மேலே எச்.ஆர். ஆபீசில் இருந்தேன். துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் நம் வேலை நிலைமையைச் சோதிக்க ஆடிட்டரை அனுப்புவார்களே, அன்று என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவள் நான்தான். ஞாயிறு லீவு என்று சொல்லச் சொன்னேன். நீ மட்டும் "ஞாயித்துக்கெழமையும் வேலை இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாய். அடுத்த வாரமே உன்னை நிறுத்திவிட்டார்கள்.

நம் சர்ச் சபையில் நல்ல பேர் வாங்கத்தானே இந்த வேலை பார்த்தாய் என்று நேராகவே கேட்டேன். "இல்ல கண்ணு, அவுங்க கேட்டாங்க, சொன்னேன்" என்றாய். அவ்வளவுதானா? அதற்காக யாராவது வேலையை விடுவார்களா? மஞ்சள் காமாலையில் நீ படுத்திருந்தபோதும் எனக்கு அந்தச் சந்தேகம் போகவில்லை.

இப்போது சபையில் ஞாயிறு ஆராதனை காலை ஐந்தரைக்கு. வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதியாம். புது சவுண்ட் சிஸ்டம் நம் முதலாளி வாங்கிக் கொடுத்தது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார் பாஸ்டர். யார் நம்புவது? நான் மட்டும் என்ன யோக்கியம்! ஆபீசரானதையும் கார் வாங்கியதையும் ஆண்டவர் தந்தது என்று அதே மைக்கைப் பிடித்துத்தான் சாட்சி சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஆண்டவருக்கா, காருக்கா?

போன வியாழக்கிழமை மறுபடியும் ஆடிட் வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "எஸ்தர், சர்ச்சுக்குப் போறவங்களா பாத்து ஆடிட்டர் பேசுற லிஸ்ட்ல போடுங்க. ஞாயித்துக்கெழமை லீவுன்னு அவங்க சொன்னா யாருக்கும் டவுட்டே வராது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் விசுவாசம் இவருக்கு இதற்கா பயன்பட வேண்டும்? ஆனாலும் லிஸ்டைப் போட்டுக் கொடுத்தேன்.

பெங்களூரிலிருந்து வந்த ஆடிட்டர் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க வேண்டியவர் அன்று வரவில்லை. ஏன் வரவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. "எங்க எஸ்தர் இருக்காங்களே" என்று மேனேஜர் என்னை உள்ளே தள்ளிவிட்டார்.

உள்ளே வந்தவர்களில் ஒரு அக்கா. பேரையும் எழுத மாட்டேன், எத்தனாவதாக வந்தார் என்றும் எழுத மாட்டேன், இதைக் கம்பெனிக்காரர்களும் படிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று ஆடிட்டர் கேட்டதைத் தமிழில் கேட்டேன். "காத்தால அஞ்சரைக்குச் சர்ச்சுக்குப் போவோமுங்க. முடிஞ்சதும் எட்டு மணிக்குக் கம்பெனிக்கு வந்துருவோமுங்க" என்றார்.

சர்ச்சுக்குப் போவார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஆடிட்டர் சிரித்தபடி எழுதிக்கொண்டார்.

வெளியே அந்த அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க மேடம், நாஞ் சொன்னது நெம்ப நீளமுங்களே, நீங்க பட்டுனு முடிச்சுட்டீங்க?"

"இங்கிலீஷ்ல அவ்வளவுதாங்க வரும்" என்றேன்.

அவர் நம்பவில்லை. நம்பாத பார்வை எனக்குத் தெரியாதா? நான் உன்னைப் பார்த்த பார்வைதானே அது.

ஆடிட் பாஸ். ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். என்னுடையது காரின் பின் சீட்டில் பிரிக்காமல் கிடக்கிறது. அன்று வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் ஒன்று உறைத்தது அக்கா. வேலை போன கதையை நீ ஒரு நாள்கூடச் சபையில் எழுந்து சொன்னதில்லை. பேர் வாங்க நினைத்தவள் அதைச் சொல்லாமல் இருப்பாளா? மைக்கைப் பிடித்தது நான்தான். வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதேன்.

விட்ட பாதியை எழுதி ஆடிட்டருக்கு ஒரு மெயில் தயார் செய்து வைத்திருக்கிறேன். ஆட்களுக்கு நான் சொல்லிக் கொடுத்தது, நான் விழுங்கியது எல்லாம் அதில் இருக்கிறது. வேறு யார் பேரும் இல்லை. ஆனால் நாலு நாளாக நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வருகிறேன். பாஸ்டரிடம் கேட்டால், "ஜெபம் பண்ணுவோம்மா, அவசரப்படாதீங்க" என்கிறார். யாருக்காகச் சொல்கிறாரோ தெரியவில்லை. அவரை விடு, நான் என்னையே நம்பவில்லை. இன்னும் ஒரு வாரம் போனால் நானே அதை அழித்துவிடுவேன்.

அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். இது வெளியே வந்துவிட்டால் நான் பின்வாங்க வழியில்லை. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பிய கையோடு மெயிலையும் அனுப்பிவிடுவேன், உன்மேல் சத்தியம். வேலை போனால் போகட்டும்.

எட்டு மணிக்கு அவர்கள் கம்பெனிக்கு வந்துவிடுகிறார்கள், அக்கா. ஞாயிற்றுக்கிழமையும். வரச் சொல்வது நான்தான்.

உன்னை நம்பாமல் விட்ட உன் தங்கச்சி,
எஸ்தர்