காற்றை விடத் தெரியாதவர்

அன்பு மகன் முஜாஹிதுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். சவூதி தம்மாமில் நீ உடல் சுகத்தோடும் மன நிம்மதியோடும் இருக்க அல்லாஹ் அருள வேண்டும். இங்கே நானும் உன் தங்கை ஸாலிஹாவும் நலம். அந்த வரியில் வாப்பாவையும் சேர்த்து எழுதத்தான் கை வரவில்லை. தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் பேசும்போது அவர் என் தோளை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார், நான் எதைச் சொல்ல முடியும்? பக்கத்து வீட்டு முஸம்மில் சனிக்கிழமை அங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

நீ சொல்லி மருந்துக்கடையில் வாங்கினோமே ஒரு கருவி, குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் பந்து மேலே ஏறுமே, அதைப் பரண் மேல் போட்டுவிட்டேன். உன் வாப்பா பந்தை ஏற்றியதோடு விட்டாரா? ஏற்றி முடித்து வாயை இறுக்கி மூடித் தம் கட்டிக்கொள்வார், எண்ணுளா என்று எனக்குக் கை காட்டுவார். சங்கு குளிக்கப் போன காலத்தில் ஒன்றரை நிமிடம் கடலுக்கடியில் தம் கட்டியவர் அல்லவா, அந்தப் பெருமை நெஞ்சு நோய் வந்தும் போகவில்லை. நானும் பைத்தியக்காரி மாதிரி இருபது, இருபத்திரண்டு என்று எண்ணி, வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினேன், நீயும் கைதட்டுகிற படம் போட்டாய். நான்கு மாதம் இதே கூத்து. போன மாதம் ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிற ஷீஜா அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துவிட்டாள். உங்களுக்குக் காத்து உள்ள போறதுல குறையில்ல வாப்பா, வெளிய வாரதுலதான் குறை, பழசு வெளிய போனாத்தான புதுசுக்கு இடம் இருக்கும் என்றாள். விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து, உள்ளே இழுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் மெல்ல ஊதி விட வேண்டுமாம். அது மட்டும் அவருக்கு வரவே இல்லை. இரண்டு தரம் ஊதுவார், மூன்றாவது தரம் தன்னை அறியாமல் தம் கட்டிவிடுவார், முகம் கறுத்துவிடும். ஷீஜா கொஞ்சம் கடிந்து பேசியதற்கு, முப்பது வருசமா தண்ணிக்குள்ள காத்தை விட்டா செத்துருவோம்னு பழகுனவன்மா நான், இப்ப வந்து விடு விடுன்னா எப்படி விடுவேன் என்று கேட்டார். அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

தம் கட்டியதால் நோய் கூடிவிடவில்லை என்று டாக்டர் சொன்னார். பிந்திய காலத்தில் படகிலிருந்து காற்று அனுப்பும் கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு டீசல் புகையோடு காற்றைக் குடித்ததும், கரைக்கு வந்தால் பீடி குடித்ததும் செய்த வேலை இது, இனித் திரும்பாது என்றார். இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியவள் நான்தானே, எனக்கு மனசு ஆறவில்லை.

காலையில் ஸாலிஹா ஆவி பிடிக்க வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு முதுகில் தட்டுகிறாள். ஏளா, முதுகா அது முரசா என்று அவளைக் கேலி செய்வார். பிறகு கண்ணாடியில் ஆவி படிய ஊதுகிற மாதிரி ஹா, ஹா என்று தொண்டையைத் திறந்து ஊத வேண்டும், அப்போதுதான் சளி கிளம்பும். ஒரு மணி நேரம் பாடுபட்டால் ஒரு கரண்டி வரும், மத்தியானத்துக்குள் நெஞ்சு மறுபடி நிறைந்துவிடும். தினமும் செய்கிறோம். நம்பிக்கையால் இல்லை, செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்க முடியாததால் செய்கிறோம்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். இரண்டு மாதமாக அவருக்கு இரவும் பகலும் ஆக்ஸிஜன் மிஷின்தான். நீ வீடியோவில் கூப்பிடுகிற நேரத்துக்கு முன்பே முகம் கழுவி, சட்டை போட்டு, மூக்குக் குழாயைக் கழற்றித் தலையணைக்கு அடியில் ஒளித்துவிடுவார். நீ பேசி முடிக்கிற வரைக்கும் இருமலை அடக்கிக்கொள்வார். வாப்பா தெளிவா இருக்காங்களே என்று நீ சந்தோசமாகப் போனை வைப்பாய். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அவர் படுகிற பாட்டை நாங்கள்தான் பார்க்கிறோம். சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். அவன் தனியா கெடக்கான், அவனுக்கு எதுக்கு இது என்கிறார்.

மழை தொடங்கிவிட்டது. அடுத்து ஒரு சளிக்காய்ச்சல் வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் ஸாலிஹாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். உன் லீவு பெருநாளுக்கு என்கிறாய், அதுவரை இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை மகனே. நீ திடீரென்று வந்து நின்றால் அவருக்கு எல்லாம் விளங்கிவிடும், அதற்குப் பயந்துதான் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். ஆனால் நம் வழக்கம் உனக்குத் தெரியும், காலையில் மவுத் ஆனால் பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குள் அடக்கிவிடுவார்கள். உனக்காக ஒரு நாள் வைத்திருங்கள் என்று ஜமாஅத்தில் போய் நான் கேட்க முடியாது, அவரும் அதை விரும்ப மாட்டார். பிறகு வந்து கபுருக்கு முன்னால் நின்று என்ன பேசுவாய்? தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், மூச்சு இருக்கும்போதே வந்து பார்.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன் ஹயாத்தை நீட்டித் தரட்டும், உன் கை கால் சுகத்தைக் காத்துத் தரட்டும். போனில் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விட்டுவிடாதே. டிக்கெட் கிடைத்தால் ஸாலிஹா நம்பருக்குத் தேதியை மட்டும் எழுதி அனுப்பு. கம்பெனியில் விடமாட்டேன் என்கிறார்கள் என்றால் அதையும் அவளுக்கே எழுது, எனக்கு எழுதாதே. அவள் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்கிறேன்.

உனக்காக துஆ செய்யும் உம்மா,
ஜமீலா
திரேஸ்புரம், தூத்துக்குடி