என் கட்டுரையையே எடுத்தவள்

ஆகஸ்ட் 4, திங்கள்
முதுகலை மாணவர்களுக்கு ஆய்வு நேர்மை வகுப்பு. அச்சில் வந்த ஏதாவது ஒரு கட்டுரையை எடுத்துக் குற்றம் குறை கண்டுபிடித்து வரச் சொன்னேன். "யாரோடது வேணும்னாலும் எடுக்கலாமா மேடம்?" கடைசி பெஞ்சிலிருந்து கேட்டவள் 'முணுமுணுப்பு'. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும், அதனால் அந்தப் பட்டப்பெயர். "தாராளமா!" என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

ஆகஸ்ட் 11
என்னுடையதை எடுத்திருக்கிறாள்! நோயுற்ற இலை, நோயில்லாத இலை என்று நான் போட்ட இரண்டு நுண்ணோக்கிப் படமும் ஒன்றேதானாம், ஒன்று தலைகீழாம். வகுப்பு கலைந்த பிறகுதான் தாளை நீட்டினாள். "அப்புறம் பாக்கலாம், போ" என்று எரிந்து விழுந்தேன். சே, என்ன புத்தி எனக்கு.

ஆகஸ்ட் 12
அவள் சொன்னது சரி.

ஆகஸ்ட் 13
பழைய கோப்புகளைத் தோண்டினேன். அவசரத்தில் ஒரே படத்தை இரண்டு பெயரில் சேமித்திருக்கிறேன். சரியான படத்தை வைத்து இலைத்துளைகளை மறுபடி எண்ணினால் இரண்டு இலைக்கும் ஏகப்பட்ட வித்தியாசம். வித்தியாசமே இல்லை என்பதுதான் கட்டுரையின் முடிவே. திருத்தம் போட்டு ஒப்பேற்ற முடியாது. கட்டுரையையே திரும்பப் பெற வேண்டும். பதவி உயர்வுக்கு ஐந்து கட்டுரை வேண்டும். என்னிடம் இருப்பதே ஐந்து. நேர்காணல் இருபத்தைந்தாம் தேதி. ஏழு வருஷமா காத்திருக்கேனே - இப்பவா இது?

ஆகஸ்ட் 14
துறைத் தலைவரிடம் சொன்னேன். "இன்டர்வியூ முடியட்டும்மா, அப்புறம் எழுதிக்கலாம். பதினோரு நாள்ல உலகம் முழுகிடாது. அந்தப் பொண்ணை நான் பாத்துக்கறேன்" என்றார். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. அவளை என்ன பார்த்துக்கொள்வது? தப்பு பண்ணினது நான்.

வீட்டில் இவரிடம் புலம்பித் தீர்த்தேன். "எப்படியும் அனுப்பத்தான் போற. காபி ஆறுது, அனுப்பிட்டு வந்து குடி."

அனுப்பிவிட்டேன். பிழையைக் கண்டுபிடித்தவர் என் மாணவி என்று இதழுக்கான கடிதத்தில் அவள் பெயரையும் போட்டேன். அந்த வரியை எழுதும்போது பெருமையாக இருந்தது. நிஜமாகத்தான்.

ஆகஸ்ட் 18
வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். முணுமுணுப்பு மேஜைக்குள் புகுந்துவிடுவாள் போலிருந்தது. "நிமிர்ந்து உக்காரும்மா. ஆறு வருஷமா ஒருத்தர் கண்ணுலயும் படாதது உன் கண்ணுல பட்டிருக்கு. என் கண்ணையும் சேத்துதான் சொல்றேன்." யாரோ ஒருத்தன் கைதட்ட, அறையே தட்டியது. என் பிள்ளைகள்!

ஆகஸ்ட் 25
நேர்காணலுக்குக் கூப்பிடவில்லை. வலிக்கிறது. பொய் சொல்வானேன்.

ஜூன் 9
முணுமுணுப்பு முதுகலை முடித்துவிட்டாள். முனைவர் பட்ட விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். வழிகாட்டி என்ற இடத்தில் என் பெயர்.

"தலைவரே உன்னைக் கூப்பிட்டாராமே? அவர்கிட்ட போனா சட்டுனு முடிச்சிடலாமே!"

"அதான் மேடம் பயமா இருக்கு."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பதவி என்ற கட்டத்தில் பழையபடி உதவிப் பேராசிரியர் என்றே எழுதி, கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.